அவள் தவிர்க்காத விளம்பரங்கள்

தொட்டில் வந்திருந்தது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தொட்டில். கொசுவலைக்குக் காசு இல்லையாம். ஒரு பெண் சிரித்துச் சிரித்து அதன் பெருமையைச் சொன்னாள்.

ஐந்து நொடியில் ஓரத்தில் 'தவிர்க்க' என்று வந்தது. அவள் தவிர்க்கவில்லை.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

அவள் மகனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. இல்லையென்றால் இன்றோ நாளையோ பிறக்கப்போகிறது.

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

போன் இசக்கிராஜுடையது. புதுசு வாங்கியபோது பழசை அம்மாவுக்குக் கொடுத்தான், பாட்டுக் கேட்கட்டும் என்று. தன் கணக்கை அதிலிருந்து எடுக்க மறந்துபோனான். அப்புறம் வேலை பார்க்கிற ஊரிலேயே வேறு சாதிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். சேதி கோவில்பட்டிக்கு வந்த அன்று அவன் அப்பா குழாயடியில் உட்கார்ந்து தலை முழுகினார். ஈரத்துண்டோடு வந்து, மனைவியின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவனோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது.

மகனும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். நம்பரை மாற்றிவிட்டான்.

பக்கத்து வீட்டு ஜெபராணி செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அவள்தான் ஒருநாள் விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு போன்லயும் ஒரே கணக்கு அத்தை. அண்ணன் அங்க என்னத்தத் தேடுறாகளோ, அது இங்க விளம்பரமா வரும்."

அன்றிலிருந்து விளம்பரம்தான் அவளுக்குத் தபால்காரர்.

புனேயில் வாடகை வீடு. ஆக, இருப்பது புனேயில். இரண்டு பேருக்கான குக்கர். சரி, வீட்டில்தான் சமைக்கிறார்கள். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை. காரத்தைக் குறை, குறை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், கேட்டால்தானே. அப்புறம் ஒருநாள், கர்ப்பிணிகள் சாய்ந்து படுக்கிற நீளமான தலையணை.

அன்றைக்கு அவள் வயிறு குளிர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளையல் போட அங்கே யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே அழவும் செய்தாள்.

இப்போது தொட்டில்.

அடுப்பைத் துடைக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. அங்கே தேடுவது இங்கே வருமென்றால், இங்கே தேடுவது அங்கே போகாதா?

போனிடம் பேசக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

மைக்கை அழுத்திக்கொண்டு, "வசம்பு வளையல்" என்றாள். கையில் போட்டால் பிள்ளையைப் பூச்சி பொட்டு அண்டாது. மறுநாள், "உரை மருந்து" என்றாள். அந்த ஊரில் யார் ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பார்கள்? மூன்றாம் நாள், "பேறுகால லேகியம்".

அவன் போனில் இவையெல்லாம் போய் நிற்கும். இரண்டு பேரும் பார்ப்பார்கள். அது போதும் என்றுதான் இருந்தாள்.

நான்காம் நாள் போதவில்லை.

கணவர் கடைக்குப் போனதும் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மைக்கை அழுத்தினாள்.

"அய்யா, ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?"

போன் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, குழந்தைகளுக்கான புதுமையான பெயர்கள் என்று ஒரு பட்டியலைக் காட்டியது.

மறுநாள் மதியம் போன் கடவுச்சொல் கேட்டது.

ஜெபராணி வாங்கிப் பார்த்தாள்.

"கணக்க அங்கேருந்தே எடுத்துட்டாக அத்தை. வேற யாரோ உள்ள நொழஞ்சிட்டாகன்னு பயந்திருப்பாக."

வேறு யாரோ அவனை 'அய்யா' என்று கூப்பிடுவார்களா?

அதை அவள் ஜெபராணியிடம் கேட்கவில்லை. தன் பேரில் ஒரு கணக்குப் போட்டுத் தரச் சொன்னாள்.

இரண்டு நாள் மனை விற்பனை வந்தது. முழங்கால் வலித் தைலம் வந்தது. எல்லாவற்றையும் தவிர்த்தாள். மனசு கேட்காமல், "வசம்பு வளையல்" என்று மறுபடியும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

விடிந்ததும் தொட்டில் வந்தது. தொட்டிலோடு துணித் தொப்பி, கால் உறை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செருப்பு போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மனசு மாறிட்டான் என்றாள்.

ஜெபராணி போனை வாங்கினாள்.

"இது நீங்க தேடுனதுக்கு வர்றது அத்தை. இப்ப இது உங்க கணக்கு." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "உங்க வீட்ல ஒரு கைப்புள்ள இருக்குன்னு அதுவா நெனச்சுக்கிடுச்சு."

அதற்குப் பிறகு அவள் எதையும் தேடவில்லை. எதையும் தவிர்க்கவும் இல்லை. போனுக்கு அதுவே போதும் போலிருக்கிறது.

தொட்டில் வந்தது ஆனியில். மார்கழியில், ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கான கஞ்சி மாவு வந்தது. மாசியில், பல் முளைக்கிற பிள்ளை கடிப்பதற்கு ரப்பர் வளையம். மகனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இன்று மதியம் நடைவண்டி.

மஞ்சள் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை தள்ளாடித் தள்ளாடி வந்தது. சிரித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன சத்தம்?"

"விளம்பரம்."

அவர் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

ஐந்து நொடி ஆயிற்று. 'தவிர்க்க' என்று வந்தது.

அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டதே என்று நினைத்தபடி அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.