நிமிர்ந்தோர் சபை

நல்லகாமன் மேடைக்கு முன்னால் குப்புற விழுந்தார். மண்டபம் நிறைய ஆள். ஒருத்தரும் குனியவில்லை.

மேடையில் பட்டுத்துண்டோடு நின்ற தங்கப்பாண்டிக்குத் திக்கென்றது. விழுந்தது அவனைப் பெற்ற அப்பா.

இறங்கி ஓடினான். பக்கத்தில் போய் நின்றான். நின்றான் என்றால், விறைப்பாக நின்றான்.

வேறென்ன செய்ய? வண்டியூர்ப் பக்கம் இருக்கிற இந்த நிமிர்ந்தோர் சபையில் குனிவதைப்போலப் பாவம் வேறில்லை.

ஏழு கடல் தாண்டி மண்டிநாடு என்றொரு தேசமாம். ராசாவைக் கண்டால் மட்டுமில்லை, ராசாவின் குதிரையைக் கண்டாலும் சனங்கள் முதுகை வளைத்துத்தான் நடக்கணுமாம். அங்கே கூனறுத்தார் என்கிற மகான் தோன்றி, எந்தக் கொம்பன் முன்னாலும் குனியாதே என்று சொல்லி அத்தனை பேரையும் விடுவித்தாராம்.

அந்தத் தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்று மதுரையில் யாரும் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய, பஸ்ஸா விடப்போகிறார்கள்?

சபை வாசலின் வளைவில் அந்த உபதேசத்தை எழுதும்போது இடம் பத்தவில்லை. பெயிண்டர் ‘குனியாதே’ என்பதை மட்டும் பெரிசாக எழுதிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அதுதான் மதம்.

சபைக்காரர்கள் நாற்று நடுவதில்லை, களை பறிப்பதில்லை. சாவி கீழே விழுந்தால்கூட எடுப்பதில்லை. குனிகிற வேலைக்கென்றே அன்னக்கொடி என்கிற பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். குனிந்து குனிந்து அவளுக்கு முதுகே வளைந்துபோனது. அவள் எதிரே வந்தால் தோஷம் என்று பிள்ளைகளின் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். விடுதலை மார்க்கம் என்றால் சும்மாவா.

இன்றைக்குத் தங்கப்பாண்டிக்குத் ‘தலைநிமிர்ந்தார்’ பட்டம் கட்டுகிற விழா. இனி சபைக்கு அவன்தான் எல்லாம். நல்ல நாளும் அதுவுமாக அவள் முதுகு கண்ணில் படவேண்டாம் என்று, காலையிலேயே அன்னக்கொடியைக் கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டான்.

அப்பாவின் மூக்கு தரையில் அமுங்கிக் கிடந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. புரட்டிப் போட்டால் போதும், பிழைத்துக்கொள்வார்.

தங்கப்பாண்டிக்குக் கை துடித்தது. முதுகு அசையவில்லை. இந்தப் பட்டத்துக்காக எத்தனை வருஷம் நாயாய் அலைந்திருப்பான்! குனிந்தால் அடுத்த நிமிஷமே அது அருள்பாண்டிக்குப் போய்விடும். போட்டிக்கு நின்ற அருள்பாண்டியும் அங்கேதான், முன்வரிசையில், வைத்த கண் வாங்காமல் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ ஒருத்தர் நீளக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து, நின்றபடியே பெரியவரைப் புரட்டப் பார்த்தார். சட்டைதான் கிழிந்தது. இன்னொருத்தர் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினார். அது பிடரியில் விழுந்து ஓடியது.

ச்சீ, நீங்களெல்லாம் மனுசங்களா என்று கேட்டுவிட்டு அருள்பாண்டி குனிந்தான்.

பெரியவரைப் புரட்டினான். அள்ளித் தூக்கி நாற்காலியில் சாய்த்தான். நெஞ்சை நீவிவிட்டான். மூச்சு சீராக வந்தது.

அவ்வளவுதான், மண்டபமே கொதித்துப்போனது. நாலு பேர் அருள்பாண்டியை வாசல் வரைக்கும் நெட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தங்கப்பாண்டிக்கு நன்றி வரவில்லை. அப்பா பிழைத்தாரே என்கிற நிம்மதிகூட அப்புறம்தான் வந்தது. போட்டி ஒழிந்தது என்பதுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

பெற்ற அப்பனுக்கே குனியாத பிள்ளை என்று ஒருத்தர் மைக்கில் தழுதழுத்தார். கைதட்டல் பறந்தது. தலையைக் குனியக்கூடாதே, அதனால் மாலை போடுகிறவர் ஸ்டூலில் ஏறிப் போட்டார்.

கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் பந்திக்குக் கிளம்பிய பிறகுதான் நல்லகாமன் கண் விழித்தார். கிழிந்த சட்டையைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் மகன் மாலையோடு நிற்பது தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீதானப்பா என்னியத் தூக்குன என்று ஈனசுரத்தில் கேட்டார்.

தங்கப்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். ஒருத்தரும் கேட்கிற தூரத்தில் இல்லை.

உம் என்றான்.

பெரியவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மகன் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“வெளிய யார்ட்டயும் சொல்லிராதப்பா. பட்டம் போயிரும்.”