பாதியில் நின்ற வரி

மதிவதனி தன் நிச்சயதார்த்தத்தை முறித்த நாளிலிருந்து, ஆறு வருடமாக, அப்பாவும் அவளும் சுவரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

அன்று காலையும் அப்பா சுவரிடம்தான் சொன்னார்: “என் மண்டைக்குள்ள இருக்கற சிப்பு ரொம்பித் திணறுது. யாராவது சுத்தம் பண்ணினா தேவலை.”

வதனி அவர் பின்மண்டையில் கேபிளைச் செருகினாள். மறைந்திருந்த ஒரு கோப்பு பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அழிக்கும்முன், எதற்கும் இருக்கட்டும் என்று சிப்பு கம்பெனியின் சர்வீஸ் பெண்ணைப் போனில் அழைத்துக் கேட்டாள்.

“ஐயோ, அதைத் தொடாதீங்க மேடம். அவர் எதைச் செய்ய நெனச்சாலும், செய்யறதுக்கு முன்னால சிப்பு அதை அங்கதான் எழுதி வச்சுக்கும். செஞ்சு முடிச்சதும் அழிச்சிடும். பாதியில விட்டது மட்டும் அப்படியே கெடக்கும்.”

திறந்து பார்த்தாள். ஆறு வருடத்துக் காலைகள் அத்தனையிலும் ஒரே வரி: ‘சாப்பிட்டியாம்மான்னு வதனிகிட்ட கேக்கணும்.’ இன்றைய தேதியிலும் இருந்தது.

கேபிளை மெல்லக் கழற்றினாள். அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“இன்னும் சாப்பிடலைப்பா,” என்றாள். “நீங்க?”