நாற்பது அடி மௌனம்

"நாற்பதுன்னா நாற்பதுதான் அக்கா. நீங்க மட்டும் ஏன் எட்டு எண்ணிக்கை லேட்டா வர்றீங்க?"

சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றாமலே கேட்டான் ரெத்தினம். மூடிய திரைக்குப் பின்னே பியானோ முன்னால் இருந்த வேம்பு விரல்களைக் கட்டையிலிருந்து எடுத்தாள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள். மெட்ராசில் அவன் ஜாஸ் குழு ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே வாசிப்பவள். வேறு எதிலும் தாளம் தப்பாதவள், இந்தப் புதுப் பாட்டில் மட்டும் ஒவ்வொரு ஒத்திகையிலும் சொதப்பினாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் கச்சேரி. தஞ்சாவூர் மண்டபத்தின் முன் வரிசையில் பம்பாய் இசை விழாக்காரர் இப்போதே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பிடித்தால் அடுத்த மேடை பம்பாய். ஆனால் ரெத்தினத்துக்கு முக்கியம் அவரில்லை. நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா கோவிந்தராசு. பாட்டே அவர் கதைதான்.

பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர் கோவிந்தராசு. அந்தக் காலத்தில் அவர்கள் தெருக் கல்யாண ஊர்வலம் பண்ணை வீட்டைத் தாண்டும்போது சத்தமே கூடாது. வாத்தியத்தை இறக்கி, செருப்பைக் கையில் எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு நடக்கணும். சங்கம் வந்து, கொடி ஏறி, அடிதடி, கேசு எல்லாம் ஆகி அந்த வழக்கம் ஒழிந்தபோது ரெத்தினம் தவழ்ந்துகொண்டிருந்தான். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் பண்ணைக்காரரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

"அந்த வீட்டைத் தாண்ட நாற்பது அடிடா" என்று அப்பா எப்போதோ சொன்னதை வைத்து, பாட்டின் நடுவே குழுவில் ஐந்து பேரும் நாற்பது எண்ணிக்கை சும்மா இருக்கும்படி எழுதியிருந்தான். அடிக்கு ஓர் எண்ணிக்கை.

"எனக்கு நாற்பது பத்தலை ரெத்தினம்" என்றாள் வேம்பு மெதுவாக.

"நடந்தது எங்க ஆளுங்க. உங்களுக்கு என்னக்கா தெரியும்?"

அவள் முகம் சுருங்கிப்போனது. ஏன்தான் சொன்னோமோ என்று அவனுக்கே உறைத்தது. "அப்பா முன்னாடி தப்பாயிடக் கூடாதுக்கா, அவ்வளவுதான்" என்றான் தணிந்த குரலில்.

கச்சேரி நன்றாகத்தான் போனது. அந்த மௌனமும் வந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ரெத்தினம் சாக்ஸபோனை உதட்டுக்குக் கொண்டுபோனான். வேம்பு மடியில் வைத்த கையை எடுக்காமல், வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணெல்லாம் நீர். அவன் என்ன செய்வான் பாவம், நின்றுவிட்டான். குழுவும் நின்றது. எட்டு எண்ணிக்கை கழித்து அவள் விரல்கள் கட்டையில் இறங்க, அவனும் சேர்ந்து ஊதினான்.

கைதட்டல் அடங்குவதற்குள் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார் கோவிந்தராசு. மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிடா சரியா எடுத்தே? பண்ணை வீட்டை ஒட்டி அவங்க மாட்டுக்கொட்டகை ஒண்ணு இருந்துச்சு, எட்டடி. அதையும் தாண்டினாத்தான் ஊதுவோம். உங்கிட்ட சொல்ல மறந்தே போயிட்டேன்."

ரெத்தினம் திரும்பி வேம்புவைப் பார்த்தான். அவள் கோவிந்தராசுவை நோக்கிக் கைகூப்பினாள்.

"நான் எந்த வீட்டுப் பொண்ணுன்னு சொன்னா சேர்த்துக்க மாட்டீங்கன்னு பயம், ஐயா. எங்க வீட்டு மாடி ஜன்னல்ல நின்னு எண்ணிக்கிட்டே இருப்பேன், நீங்க மறுபடி எப்ப வாசிப்பீங்கன்னு."