கடுகு இல்லாத வீடு

"நாய் வேணும்னா வேற வீடு பாத்துக்குங்க" என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டுப் போனார். கடுகு குரைத்ததற்காக ஏற்கெனவே இரண்டு வீடுகளைக் காலி செய்தவர்கள் தமயந்தியும் அவள் கணவன் கதிரேசனும். "அது குரைக்காம இருக்காது, நானும் இனிமே மூட்டை கட்ட மாட்டேன். எங்கயாவது விட்டுட்டு வாங்க" என்றாள் தமயந்தி. மறுநாள் மதியம் கதிரேசன் அதை ஊருக்கு வெளியே நண்பனின் மாந்தோப்பில் விட்டுவிட்டுத் திரும்பினான். "கட்டிப் போட்டுட்டுதான் வந்தேன். வண்டி கிளம்புனதும் கயித்தக் கடிக்க ஆரம்பிச்சிருச்சு." தமயந்தி கூட்டிய அறையையே மறுபடி கூட்டினாள். அடுப்பைப் பற்றவைத்து, எதற்கென்று தெரியாமல் அணைத்தாள். யாரும் தட்டாத கதவைப் போய்த் திறந்து பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்து, "இப்பத்தான் வீடு நிம்மதியா இருக்கு" என்று சிரித்தார். "ஒரு மாசம் டைம் குடுங்கக்கா, காலி பண்ணிடறோம்" என்றாள் தமயந்தி. கதிரேசன் திகைத்துப்போனான். "என்ன பேசற நீ? எவ்வளவு அலைஞ்சு பிடிச்ச வீடு இது!" அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தாள். "முதல்ல வண்டிய எடுங்க. இருட்டுனா அது பயப்படும்."