ஐந்து வாளித் தண்ணீர்

"டேய், தண்ணி வருதுடா!" என்று அலறிய பல் டாக்டர், இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டார்.

படகின் அடிப்பலகைகளுக்கு நடுவிலிருந்து சத்தமே இல்லாமல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அரதப் பழசான பாய்மரப் படகு. பள்ளிக்கூடக் காலத்து நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கி, ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுரண்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கடலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

கணக்கு வாத்தியார் வாளியை எடுத்து மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு..." எதைச் செய்தாலும் எண்ணிக்கொண்டே செய்வது அவருடைய தொழில் தோஷம்.

சுக்கானைப் பிடித்திருந்த பிளம்பர் மட்டும் பதறவில்லை. பதறுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். தண்ணீரைத் திறந்துவிட்டதே அவர்தான். முன்பக்கத்துக் குடிதண்ணீர் டேங்க்கிலிருந்து ஒரு குழாயை அடியில் இறக்கி, தன் இருக்கைக்குக் கீழே வால்வு வைத்திருந்தார். டேங்க் மொத்தமே ஐந்து வாளிதான் பிடிக்கும். படகு மூழ்காது, பயமுறுத்தப் போதும்.

காரணம் இருந்தது. பாய்மரத்துக்குத் துணி தைக்கிறேன் பேர்வழி என்று மனைவியின் தையல் மெஷினை அவர் நாசம் செய்துவிட்டார். "அதுவா நின்னுபோச்சும்மா" என்று விட்ட புளுகு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து மூன்று வாரமாக வீட்டில் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை. சண்டை போட்டால்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது மனிதருக்கு. விஷயம் தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். கேட்டதற்கு இரண்டு பேருமே "நான் இல்லை" என்று கையை விரித்தார்கள்.

"கரை எவ்வளவு தூரம்டா?" என்றார் டாக்டர். மிதவைச் சட்டையின் கொக்கி அவருடைய தொப்பையைத் தாண்டி வர மறுத்தது.

"நீந்தத் தெரிஞ்சவனுக்குக் கிட்டத்தான்" என்றார் பிளம்பர்.

மூன்று பேருக்குமே நீந்தத் தெரியாது.

"அஞ்சு..." என்றார் வாத்தியார்.

பிளம்பர் குரலைத் தழதழக்க வைத்துக்கொண்டார். "போற நேரத்துல மனசுல எதையும் வெச்சுக்கிட்டுப் போகாதீங்கடா. சொல்ல வேண்டியதச் சொல்லிடுங்க."

டாக்டர் உடைந்துபோனார். "அடியில ஒரு ஓட்டை இருந்துச்சே, கட்டையச் செதுக்கி இறுக்கச் சொன்னியே... எனக்குச் செதுக்க வரலடா. சொத்தைப் பல்லுக்கு வெக்கிற சிமென்ட்டை வெச்சு அடைச்சுட்டேன்."

"அடப்பாவி! தாங்குமா?"

"கெட்டியா எதையும் கடிக்காம இருந்தா ஒரு மாசம் தாங்கும்."

பிளம்பருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. கரைக்குப் போனதும் முதல் வேலையாக அதைப் பிடுங்கிவிட்டுக் கட்டை அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் தூண்டில் போட்டது இந்த மீனுக்கு இல்லை.

"வேற?" என்றபடி வாத்தியாரைப் பார்த்தார்.

"எட்டு..." வாத்தியாரின் கண் கலங்கியது. மொள்வதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. "தையல் மெஷின் விஷயத்த உன் வீட்டுத் தங்கச்சிகிட்ட சொன்னது நான்தான்டா."

"ஏன்டா?"

"ஊசி எப்படிண்ணா இப்படி வளையும்னு கேட்டுச்சு. ஆறு மடிப்புப் பாய்மரத் துணியத் திணிச்சா வளையாம என்ன செய்யும்னு விளக்கிட்டேன். யாராச்சும் சந்தேகம் கேட்டா எனக்கு வாய் சும்மா இருக்காதுடா... ஒம்போது..."

பிளம்பர் துள்ளி எழுந்து, படகு ஆட ஆடச் சிரித்தார். மூன்று வாரத்துச் சிரிப்பு.

"மாட்டினியா! மூழ்கறதாவது ஒண்ணாவது. எல்லாம் நம்ம டேங்க் தண்ணிடா! நான்தான் திறந்துவிட்டேன். இன்னிக்கே வந்து, என் பொண்டாட்டி என்கூடப் பேசற வரைக்கும் அவ கால்ல விழறே நீ!"

இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் டாக்டர், கொக்கி மாட்டாத மிதவைச் சட்டையைக் கழற்றி அதாலேயே பிளம்பரை மொத்தினார். "பாவி, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சுடா!"

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "பன்னெண்டு," என்றார்.

"இன்னும் என்னடா எண்ணிக்கிட்டு? நம்பிக்கை இல்லையா? காலையில நானே வடிகட்டி ஊத்தின தண்ணிடா இது. இந்தா பாரு!"

பிளம்பர் குனிந்தார். முழங்கால் வரை நின்ற தண்ணீரில் ஒரு கை அள்ளி, மடக்கென்று குடித்தார்.

சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி டாக்டரைப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குதுடா."