குறை சொல்லாத மூன்று நாள்

சுகந்திக்கு அறுபது வயதில் வாய்த்த முதல் கப்பல் பயணம் அது. ஏறும்போதே எல்லோர் கையிலும் ஒரு வளையம் மாட்டிவிட்டார்கள். மனம் மகிழ்ந்திருந்தால் அது பச்சையாக மின்னும், வாடினால் சிவந்துவிடும். மூன்றாம் நாள் மத்தியானம் சோதிக்கும்போது வளையம் சிவந்திருப்பவர்களைக் குடும்பத்தோடு அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள்.

சுகந்தியின் வளையம் முதல் நாளிலிருந்தே பச்சைப் பசேலென்று ஜொலித்தது. எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் கணவர் ஞானசிகாமணியிடம் மட்டும், "வாயைத் திறக்காம சிரிச்சுக்கிட்டே இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மனிதரும் பல்வலிக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டேயிருந்தார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் பார்த்தால், அவர் வளையம் செக்கச் சிவந்து கிடக்கிறது. இரண்டு மேசை தள்ளி ஓர் அதிகாரி ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். நாளைக்குத்தான் திமிங்கலம் காட்டுவார்களாம்.

ஞானசிகாமணி ஒரு வாய் சாம்பார் சாதத்தைச் சிரித்தபடியே கஷ்டப்பட்டு விழுங்கினார். அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

"சாம்பார் எப்படிங்க இருக்கு? சத்தியமெல்லாம் வாபஸ், சொல்லுங்க."

"இதுவா சாம்பார்? சுத்திக் கெடக்குற தண்ணி பத்தாதுன்னு இதுலயும் ஊத்தியிருக்கான். நாப்பது வருஷமா உன் சாம்பாரையே தாங்கிட்டேன், இதைத் தாங்க முடியல."

வளையம் மஞ்சளாகி, அதிகாரி வந்து நின்றபோது நல்ல பச்சையாகியிருந்தது. அதிகாரி தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

"மேல்தளத்துல காப்பி இதைவிட மோசமாம்" என்று கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள் சுகந்தி. "எந்திரிங்க, சீக்கிரம் போவோம்."