எதிர்க்கடையில் வாங்கிய கார்டு

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் சத்தமில்லாமல் கணவனின் வேலை அறைக்குள் நுழைந்தாள்.

மேசைமேல் மூன்று மானிட்டர்கள், இடைவெளி விடாமல் ஒட்டி நின்றன. மூன்றையும் அணைத்து வைத்திருந்தான்.

ஆபீஸில் கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தான். அந்தக் கதை நேற்றே நாறிப்போனது.

"உங்க வீட்டுக்காரர் எங்ககிட்டதான் கார்டு வாங்கினாரு, தெரியாதா?" என்று அவள் கடைக்கு எதிர்க்கடைக்காரன் பல்லை இளித்தான். மூன்று திரையையும் ஒரே திரையாகச் சேர்க்கிற கார்டு அது.

ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் கார்டு மாட்டிப் பிழைப்பவள் அவள். கட்டினவன் எதிர்க்கடைக்குப் போனால் மானம் மிஞ்சுமா?

அந்தக் கார்டை யார் வாங்குவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. கார் பந்தய விளையாட்டுப் பைத்தியங்கள் வாங்கும். பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறவனுக்கு எதற்கு?

அவள் உள்ளே வந்தால் திரையை அணைக்கிறான். பேசும்போது அவள் காதுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கே பார்க்கிறான். கார் ஓட்டுவதை அவள் தலையில் கட்டிவிட்டான். போன வாரம் கடைவீதியில் கைகாட்டிய அவளையே, யாரோ எவளோ என்று தாண்டிப் போனான்.

நெருப்பில்லாமல் புகையுமா? ஒருத்தி இருக்கிறாள். அவள் மூஞ்சிதான் மூன்று திரையிலும் நிறைந்திருக்கும்.

இனிமேல் போனில் எழுதி அனுப்பாதே, பேசி அனுப்பு என்று வேறு சொல்லியிருந்தான். எழுத்தில் தடயம் இருக்கக் கூடாதாக்கும்! அந்த எரிச்சலில்தான் இன்று காலை கடையிலிருந்து வேண்டுமென்றே எழுதி அனுப்பினாள்: "என் முகத்தை ஏன் பாக்க மாட்டேங்கறீங்க?"

பதிலே இல்லை. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள்.

மானிட்டர்களின் பொத்தான்களை அழுத்தினாள். திரைகள் விழித்தன.

ஒருத்தியும் இல்லை. மூன்று திரைக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

முகத்தை.

ஒவ்வொரு எழுத்தும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மவுஸை நகர்த்தினாள். 'முகத்தை' ஒதுங்கி, 'ஏன்' வந்து நின்றது.

நடுத்திரையின் கண்ணாடியில், மூக்குநுனி உரசி உரசிப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு.

ஐயோ, என்ன நினைத்துவிட்டேன்!

தண்ணீர்ச் சத்தம் நின்றது. திரைகளை அணைத்தாள், வெளியே போக நேரமில்லை. அலமாரியோரம் அப்படியே நின்றாள்.

துண்டால் தலையைத் துவட்டியபடி அவன் வந்தான். அவள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினான். அங்கே யாருமே இல்லாததுபோல் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்து, போனை வாயருகே கொண்டுபோனான்.

"கடையிலேருந்து சீக்கிரம் வர்றியா? உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பயமா இருக்கு."

கையெட்டும் தூரத்தில், அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது.